பின்மலைக்கு வந்த சமநிலைப் பிரிவு

பின்மலையில் விடிகாலை நேரத்தில் ஆபீஸ் ஷூ போட்ட ஒருவன் நிற்கிறான் என்றால் அவன் நல்லதுக்கு வந்தவனாக இருக்க முடியாது. பூசான் நகரத்தின் அந்த மேட்டுத் தெருக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். முன்பு ஒருமுறை அப்படி ஒருவன் வந்து நின்றான். பேரிக்காய்த் தோட்டம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியது. இன்னொரு முறை இன்னொருவன் வந்து நின்றான். பொதுக் கழிப்பறை காணாமல் போய், அந்த இடத்தில் சுத்தத்தின் அவசியத்தை விளக்கும் கல்வெட்டு ஒன்று முளைத்தது.

ஆகவே பைன் மரத்துக்குப் பின்னால் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்ற அந்த ஒல்லி ஆளைப் பார்த்ததும், பியோ மல்சுன் தூக்கிய பார்பெல்லை மெதுவாகக் கீழே வைத்தாள்.

மல்சுன் மேட்டுத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியவள். நாள் முழுக்க ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி ஒரு காலத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில், "இனிமே கனம் தூக்கக் கூடாது" என்றார்கள். "அப்போ போர்வையை யார் தூக்குவா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவள், பின்மலை ஊற்றங்கரையில் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்டிருந்த கம்பிகளையும் தட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கப் பழகினாள். இடுப்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து விடிகாலையில் கொஞ்ச நேரம் அவளுக்கே அவளுக்கு. தூக்குவாள், பஸ்கி போடுவாள், ஊற்றுத் தண்ணீரைக் குடிப்பாள், இறங்கி வந்து புருஷனுக்குச் சூப் வைப்பாள், கடையைத் திறப்பாள். இதில் சமநிலை என்று ஒன்று இருப்பதாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. அதனால் அது கெடாமல் இருந்தது.

"அவனை நான் நேத்தே பார்த்துட்டேன்," என்றார் பாங் ஐயா. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால்களை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் சட்டம் ஒன்றில் தினமும் தொங்குவார், தொங்கியபடிதான் பேசினார். "சில பேர் மூஞ்சி தலைகீழா பார்த்தாத்தான் நேரா தெரியும். இவன் வட்ட அலுவலகத்து ஆளு."

"வரிக்காரனா இருக்கும்டி," என்றாள் இடுப்பில் வளையம் சுற்றிக்கொண்டிருந்த குக்ஹீ. கீழே மீன் அடைக் கடை வைத்திருப்பவள்; மல்சுனுக்கு நெருங்கிய சிநேகிதி. "நீ இத்தனை வருஷம் தூக்கின எடைக்கெல்லாம் சேர்த்து வரி போடப் போறான். பேசாம பாரமே இல்லாத மாதிரி முகத்தை வெச்சுக்கோ."

மல்சுன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டாள். அந்த ஆள் மரத்தை விட்டு வெளியே வந்து, வளைந்து வணங்கினான்.

"என் பேர் இம் துக்வோன். உடற்பயிற்சி மற்றும் அன்றாட வாழ்க்கைச் சமநிலைப் பிரிவுல உதவியாளர். நான் உங்களைக் கண்காணிக்கலை அம்மா. கண்காணிக்காதபோது எப்படி இருக்கீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அப்படி ஒரு பிரிவு இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. துக்வோன் விளக்கினான். உடற்பயிற்சி செய்ய நேரம் இல்லை என்று வட்டத்து மக்கள் ஓர் ஆய்வில் சொல்லியிருந்தார்களாம். அந்த ஆய்வுக்குப் பதில் சொல்ல ஆன நேரத்தில் ஒரு மலையே ஏறி இறங்கியிருக்கலாம் என்று சிலர் புகார் செய்ததையும் நேரமின்மைக்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டு, இந்தப் பிரிவைத் தொடங்கினார்களாம்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு," என்றான் துக்வோன்.

"என்ன சந்தேகம்?"

"நீங்க சமநிலையில இருக்கீங்களோன்னு."

"ஐயையோ, சத்தியமா இல்லைங்க," என்றாள் மல்சுன்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அலுவலகத்துக்கு வாங்க, பேசலாம். அப்புறம் அம்மா…" அவன் கம்பிகளையும், தட்டுகளையும், தொங்கிக்கொண்டிருந்த பாங் ஐயாவையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இந்த இரும்புச் சாமானுக்கெல்லாம் அனுமதி இருக்கற மாதிரி தெரியலை. நீங்க ஒத்துழைச்சா நாங்க அதைக் கேட்கவே மாட்டோம்."

கேட்க மாட்டோம் என்று சொல்கிறவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான் என்பது மல்சுனுக்குப் புரிந்தது. போனாள்.

பிரிவின் தலைவர் பெயர் தாக் இன்ஹ்வான். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேசைக்குக் கீழே மடித்துவைத்த படுக்கை. மல்சுனைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்க முயன்று, முதுகைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே வரவேற்றார்.

"அம்மா, இந்தப் பிரிவு தொடங்கினதிலேருந்து நான் வீட்டுல ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டது கிடையாது. மக்களோட சமநிலைக்காக அவ்வளவு உழைக்கிறோம். போன வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போனேன். என் பொண்ணு கதவை லேசாத் திறந்து, 'பார்சலை வாசல்லயே வெச்சுட்டுப் போங்க'ன்னா. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? தெரியாத ஆளை உள்ள விடலை பாருங்க. நல்ல வளர்ப்பு!"

"நீங்க உடற்பயிற்சி பண்ணுவீங்களா?" என்று கேட்டாள் மல்சுன்.

"மருந்துக்கடைக்காரர் எல்லா மருந்தையும் தின்னா பார்க்கறார்?" என்று சிரித்தார் தாக். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விஷயத்துக்கு வரேன். ஒருத்தர் உடம்பையும் பார்த்துக்கறார், வீட்டையும் பார்த்துக்கறார், கடையையும் பார்த்துக்கறார்னா மூணுல ஒண்ணுல ஏதோ திருட்டுத்தனம் இருந்தே ஆகணும். அது எதுன்னு கண்டுபிடிச்சிட்டா, உங்களை முன்மாதிரிக் குடிமகளா அறிவிச்சிடலாம்."

"கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"கண்டுபிடிக்கற வரைக்கும் ஆய்வு நடக்கும்."

அவள் கையில் ஒரு பட்டையை மாட்டினார்கள். அதில் இரண்டு பொத்தான்கள். பயிற்சி செய்யும்போது பச்சையை அமுக்க வேண்டும், வாழும்போது மஞ்சளை. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கக் கூடாது. "கலந்துட்டா அது சமநிலை இல்லை அம்மா, குழப்பம்," என்றார் தாக்.

மறுநாள் கடையில் ஈரப் போர்வையை இயந்திரத்திலிருந்து தூக்கித் தோளில் போட்டாள். பட்டை கத்தியது. உடனே துக்வோனிடமிருந்து தொலைபேசி.

"அம்மா, கடை நேரத்துல பயிற்சி பண்றீங்க."

"போர்வை தூக்கறேன் தம்பி."

"அதேதான். உங்க நாடித் துடிப்பு எங்களுக்குத் தெரியுது. பச்சையை அமுக்குங்க."

"பச்சையை அமுக்கினா இது பயிற்சியா?"

"ஆமா. கடை நேரத்துல பண்ணக் கூடாத பயிற்சி."

"தூக்காம எப்படிப்பா துவைக்கறது?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "நல்ல கேள்வி. ஆராயறோம்," என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டு ஆய்வு. மல்சுனின் கணவன் கியோங்தே டாக்ஸி ஓட்டுபவன். மதியம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். அந்த நேரம் பார்த்துத் துக்வோன் வந்தான். முதலில் சூப் பானையைத் திறந்து முகர்ந்தான். கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டான்.

"ஐயா, தினமும் காலையில உங்க மனைவி வீட்டுல இல்லாத அந்த நேரத்துல, உங்களுக்கு ஏதாவது குறை தெரியுதா?"

"நான் தூங்கிட்டிருப்பேன்."

"குறை இல்லாததால தெரியலையா, தூங்கறதால தெரியலையா?"

கியோங்தே இதுவரை அதை யோசித்ததில்லை. இப்போது யோசித்தான்.

"அதாவது ஐயா, அவங்க வீட்டுல இல்லைங்கறதே உங்களுக்குத் தெரியாதுன்னு எடுத்துக்கலாமா?"

துக்வோன் போய்விட்டான். கேள்வி போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கியோங்தே சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"ஏம்மா, தினம் காலையில நீ எங்கதான் போற?"

"மலைக்கு. இத்தனை வருஷமா போறேனே."

"மலைக்குப் போறதை அரசாங்கம் ஏன் வந்து கேட்குது? அவங்களுக்கு வேற வேலையில்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"அங்க யார் யார் இருக்காங்க?"

"குக்ஹீ. பாங் ஐயா. இன்னும் ரெண்டு மூணு பேர்."

"பாங் ஐயா என்ன பண்ணுவார்?"

"தலைகீழா தொங்குவார்."

கியோங்தே அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அது பொய்யைவிடப் பொய்யாக இருக்கிறதே என்று மல்சுனுக்கே தோன்றியது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் விடியலில் அவள் கிளம்பியதும், அவனும் கிளம்பினான். டாக்ஸி ஸ்டீரிங்கைத் தவிர வேறெதையும் பல வருடங்களாக அசைத்திராத உடம்பு. பாதி மலையிலேயே நாக்கு தள்ளியது. எப்படியோ ஏறி, ஊற்றங்கரைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பைன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான். அங்கே ஏற்கெனவே ஒருவன் ஒளிந்திருந்தான்.

"ஐயா," என்று கிசுகிசுத்தான் துக்வோன், "இது அலுவலக மரம். தனிப்பட்ட சந்தேகத்துக்கு நீங்க வேற மரம் பார்த்துக்கணும்."

வேறு மரத்துக்குப் போகும் வழியில்தான் கியோங்தே பைன் சருகில் வழுக்கி விழுந்தான். கணுக்கால் பிசகிற்று. அவன் போட்ட சத்தத்தில் குக்ஹீயின் வளையம் உருண்டு ஊற்றில் விழுந்தது. பாங் ஐயா தொங்கியபடியே, "மல்சுன், உன் வீட்டுக்காரர்மா. நேராத்தான் விழுந்திருக்கார்," என்றார்.

மல்சுன் ஓடிவந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காதது அவனுக்கு அடியைவிட வலித்தது. அவன் கால் தரையில் ஊன்றவில்லை என்று தெரிந்ததும், திரும்பி உட்கார்ந்து, "ஏறுங்க," என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நான் என்ன குழந்தையா?"

"பேசாம ஏறுங்க. பேசினா கனம் கூடுது."

அவனை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். காலைப் பேப்பர் போடுகிறவர், பால் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கியோங்தே முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டான். சலவை சோப்பும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. மூச்சு வாங்காமல் ஒரே சீராக நடந்தாள். வளைவு திரும்பும்போது அவன் மெல்லக் கேட்டான்.

"நீ எப்போ இவ்வளவு பலமா ஆனே?"

"நீங்க தூங்கிட்டிருக்கும்போது," என்றாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வீட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, மனைவி வைத்த முளைப்பயறுச் சூப்பைக் குடித்தபோது, இந்த விஷயம் இத்துடன் முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

ஆனால் சமநிலைப் பிரிவில் இடியே விழுந்திருந்தது. கணவனை முதுகில் தூக்கி மலையிறங்கிய நேரம் பயிற்சியா, வாழ்க்கையா? பட்டையில் அவள் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. இரண்டு கையும் புருஷனின் தொடைக்குக் கீழே இருந்தன என்ற விளக்கத்தை ஏற்க மறுத்தார்கள். சிறப்புக் கூட்டம் கூடிற்று. பல்கலைக்கழகத்திலிருந்து சமநிலையியல் பேராசிரியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார்.

"கணவரை 'பாரம்'னு கொண்டா அது பயிற்சி," என்றார் பேராசிரியர். "'குடும்பம்'னு கொண்டா அது வாழ்க்கை. ரெண்டு கணக்குலயும் அவரைக் காட்ட முடியாது. நீங்க சொல்லுங்க அம்மா, இறங்கி வரும்போது அவரை என்னவா நினைச்சீங்க?"

"கீழே போட்டுடக் கூடாதேன்னு நினைச்சேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த விடைக்கு எங்ககிட்ட இடம் இல்லை," என்றார் வருத்தத்தோடு.

முடிவு எட்டப்படும்வரை மல்சுன் கணவனைத் தூக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார்கள். முடிவு எட்டுவதற்காக மேலும் கூட்டங்கள் தேவைப்பட்டன. அவற்றைப் பற்றிச் சொல்லும்போது தாக்கின் முகத்தில் கருணை வழிந்தது.

"உங்க கடையும் கெடக் கூடாது, வீடும் கெடக் கூடாது. அதுல நாங்க கண்டிப்பா இருக்கோம். அதனால எல்லாக் கூட்டத்தையும் விடிகாலையில வெச்சிருக்கோம். அந்த நேரம் நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

மல்சுன் வாயைத் திறந்தாள். மலையில் இருக்கும் அனுமதி இல்லாத இரும்பு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

இப்படியாக அவளது காலைகள் சமநிலைக்குப் போயின. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்தே இருப்பதன் தீமைகள் பற்றிய விளக்கங்களைக் கேட்டாள். கூட்டம் இழுத்துக்கொண்டே போனதால் சூப் வைக்க நேரமில்லை. கியோங்தே பாக்கெட் ராம்யோன் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றான். கடை தாமதமாகத் திறந்தது. கல்யாணத்துக்குப் போக வேண்டிய கோட்டு ஒன்று கல்யாணம் முடிந்து தயாராயிற்று. ஒருநாள் கம்பளியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பழைய வலி, வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தபோது வந்து காத்திருந்த விருந்தாளி போல, உரிமையோடு இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் பின்மலையில் வேலி வந்தது.

ஊற்றங்கரையைச் சுற்றி உயரமான கம்பி வலை. நடுவில் இரட்டைக் கதவு. இரண்டு கதவையும் சேர்த்துச் சங்கிலி. சங்கிலியில் உள்ளங்கை அளவுக்குப் பெரிய பூட்டு. மேலே பலகை: 'சமநிலை அனுபவ மையம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.' அதாவது மேட்டுத் தெருவில் உள்ள ஒவ்வொருவரும் எங்காவது உழைத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கத் திறந்திருக்கும்.

குக்ஹீ சலவைக்கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என் கோட்டைக் கொடு."

"இன்னும் தைச்சு முடிக்கலைடி."

"தைச்ச வரைக்கும் போதும். மரத்துக்குப் பின்னால நின்னவன்கூடப் பேசாதேன்னு அன்னைக்கே சொன்னேன். நீ ஆபீசுக்குப் போனே, பட்டை கட்டிக்கிட்டே. இப்போ எங்களையெல்லாம் வெளியில போட்டுப் பூட்டிட்டாங்க. முன்மாதிரிக் குடிமகளாமே? நல்லா இரு."

"அந்த இரும்பைக் காப்பாத்தத்தான்டி போனேன்."

"காப்பாத்திட்டே. இனிமே அதை யாரும் தொடவே முடியாது."

ஒரு கை தைக்காத கோட்டோடு குக்ஹீ போய்விட்டாள். பாங் ஐயா கோபிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கடை வாசலில் நேராக நின்றுகொண்டு, "தொங்க இடமில்லைம்மா. உலகத்தை இப்படியே பார்க்க வேண்டியிருக்கு. நல்லாவே இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மல்சுன் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் நின்று கொஞ்சம் அழுதாள். பட்டை அதை லேசான பயிற்சி என்று எடுத்துக்கொண்டது.

ஆய்வு ஒருவழியாக முடிந்தது. தாக் அவளை அழைத்து, கைகளைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"எங்க சந்தேகம் உறுதியாயிடுச்சு அம்மா! ஏதோ ஒண்ணு உதைக்குதுன்னு முதல் நாளே சொன்னேன், ஞாபகம் இருக்கா? இப்போ பாருங்க. கடை தாமதம், வீட்டுல ராம்யோன், இடுப்பு வலி. இவ்வளவையும் இத்தனை வருஷமா எப்படித்தான் மறைச்சு வெச்சிருந்தீங்களோ!"

"இதெல்லாம் நீங்க வந்த பிறகுதாங்க…"

"நாங்க வரலைன்னா வெளியிலயே வந்திருக்காது. கவலைப்படாதீங்க. கைவிட மாட்டோம். வகுப்பு இருக்கு."

பட்டையைக் கழற்றினார்கள். 'சமநிலை குலைந்தோர்' வகுப்புக்கு வரச் சொன்னார்கள். அலுவலக மாடியில் பெரிய கூடம். உள்ளே நுழைந்தால் பாதி மேட்டுத் தெரு உட்கார்ந்திருந்தது. வேலி வந்த பிறகு மலைக்காரர்கள் எல்லாருக்குமே ஏதாவதொன்று குலைந்துவிட்டது. பிரிவு ஒருவரையும் விடாமல் சேர்த்துக்கொண்டிருந்தது. காலியாக இருந்த ஒரே நாற்காலி குக்ஹீக்குப் பக்கத்தில். மல்சுன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குக்ஹீ ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

விளக்கு அணைந்தது. தாக் மேடை ஏறினார். திரையில் ஒரு படம் விழுந்தது. விடிகாலை, பைன் மரங்கள், தலைக்கு மேல் பார்பெல்லைத் தூக்கி நிற்கும் ஒரு பெண். முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.

"இவங்களை 'ப' அம்மையார்னு வெச்சுக்குவோம்," என்றார் தாக். "உங்களை மாதிரியே சாதாரண ஆள். சின்னக் கடை, டாக்ஸி ஓட்டற கணவர். ஆனா பாருங்க, விடியல்ல பயிற்சி, அப்புறம் குடும்பத்துக்குச் சூப், அப்புறம் கடை! ஒண்ணு இன்னொண்ணைத் தொடலை. நீங்களெல்லாம் நேரம் இல்லை, நேரம் இல்லைன்னு சொல்றீங்களே, இவங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது? மனசு வேணும்! எங்க பிரிவோட வழிகாட்டுதல் வேணும்!"

குக்ஹீ திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாய்ந்து, "ஏய்," என்று கிசுகிசுத்தாள், "அது உன் ஊதாப்பூப் பேண்ட்டுடி."

மல்சுனுக்கு என்னவோ பொங்கி வந்தது. அழுகை என்று நினைத்தாள். வெளியே வந்தது சிரிப்பு. குக்ஹீயும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் தோளும் குலுங்கின. முன்வரிசையில் யாரோ திரும்பி 'உஷ்' என்றார்கள்.

குக்ஹீ கையைத் தூக்கினாள். "ஐயா, அந்த 'ப' அம்மையார் இப்போ எப்படி இருக்காங்க?"

"அருமையா இருக்காங்க! எங்க பிரிவோட மிகப்பெரிய வெற்றியே அவங்கதான். பார்க்கறப்பெல்லாம் எனக்கு நன்றி சொல்றாங்க."

"நாங்க அவங்களைப் பார்க்கலாமா?"

"முடியாதும்மா. அவங்க அந்தரங்கத்தை நாங்க மதிக்கிறோம்."

மல்சுன் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நான் நம்பலைங்க," என்றாள்.

"எதை நம்பலை?"

"அப்படி ஒருத்தி இருக்கான்னு."

தாக் அவளைப் பரிவோடு பார்த்தார். இருட்டில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. வெளிச்சத்திலும் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். "சந்தேகப்படாதீங்க அம்மா," என்றார். "சந்தேகம் உடம்புக்கு ஆகாது."

"போர்வை ஊறுது, போகணும்," என்று சொல்லிவிட்டு மல்சுன் வெளியே நடந்தாள். பின்னாலேயே குக்ஹீ. அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது.

மறுநாள் விடியலில் எல்லாரும் வேலிக்கு முன்னால் நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. கியோங்தேயும் கோலூன்றி வந்திருந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பூட்டைப் பார்த்தார்கள். உடைத்தால் குற்றம். பாங் ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். கால் வலி தாங்காமல் கியோங்தே கதவின்மேல் சாய்ந்தான். கம்பியைப் பிடித்து நிமிர முயன்றபோது கதவு அவனோடு சேர்ந்து கொஞ்சம் மேலே எழும்பி, 'டங்' என்று திரும்ப உட்கார்ந்தது.

எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கீல்களைப் பார்த்தார்கள். இரண்டு கதவும் இரும்பு முளைகளின்மேல் சும்மா உட்காரவைக்கப்பட்டிருந்தன; தூக்கினால் கழன்றுவிடும்.

"நீ தள்ளி நில்லும்மா," என்றார் பாங் ஐயா மல்சுனிடம். "இடுப்பு போனவ நீ."

"தூக்கத் தெரிஞ்சவ நான்," என்றாள் மல்சுன். இரண்டு கதவும் சேரும் நடு இடத்தில் போய் நின்றாள். முழங்காலை மடக்கி, முதுகை நேராக்கி, கம்பியைப் பற்றினாள். ஒரு பக்கம் குக்ஹீ, மறுபக்கம் கியோங்தே ஒற்றைக் காலில். மற்றவர்கள் கிடைத்த இடத்தைப் பிடித்தார்கள்.

"யோங்ச்சா!" என்று பாரம் தூக்குகிறவர்களின் குரல் கொடுத்தாள் மல்சுன்.

"யோங்ச்சா!" என்றார்கள் எல்லாரும்.

கதவு முளையை விட்டு எழும்பியது. இடுப்பில் ஒரு மின்னல் ஓடிற்று, விடவில்லை. சங்கிலியும் பூட்டுமாக இரட்டைக் கதவு அப்படியே காற்றில் நகர்ந்து, பக்கத்துப் பாறையில் பதமாகச் சாய்ந்தது. ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே போனார்கள். பாங் ஐயா கால்களை மாட்டித் தலைகீழானதும், "அப்பாடா, இப்போதான் எல்லாம் சரியா இருக்கு," என்றார். மல்சுன் அன்று ஒற்றைத் தட்டு மாட்டிய கம்பியை மட்டும் தூக்கினாள். தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தெரிந்த வழிதான்.

பனி விழத் தொடங்கிய பருவத்தில் ஒருநாள் துக்வோன் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்கு வந்தான். கொடுத்த பிறகும் போகாமல் நின்றான். கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, ஒரு விஷயம். மலையில அந்தக் கதவு… பாறை மேல சாஞ்சிருக்கு."

"அப்படியா?"

"தலைவர்கிட்ட சொன்னேன். பூட்டு உடைஞ்சிருக்கான்னு கேட்டார். இல்லைன்னேன். சாவி யார்கிட்டன்னார். என்கிட்டதான்னேன். அப்போ பூட்டித்தான் இருக்குன்னுட்டார்." அவன் கடை வாசலை எட்டிப் பார்த்தான். "அதனால தினமும் காலையில ஒன்பது மணிக்குப் போய்ப் பாறை மேல இருக்கற கதவைத் திறக்கறேன். சாயந்தரம் ஆறு மணிக்குப் போய்ப் பூட்டறேன். ரெண்டு தடவை மலை ஏறி இறங்கறதுல இப்போ மூச்சு வாங்கறதில்லை. ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. ஆனா மனசுல ஒரு உறுத்தல் அம்மா. விடிகாலையில அங்க யாராவது உள்ள போறாங்களோன்னு சந்தேகமா இருக்கு."

மல்சுன் அவன் கோட்டின் பைகளைத் துழாவிக் காலி செய்தாள். உள்பையில் பெரிய சாவி ஒன்று இருந்தது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"பூட்டின இடத்துக்குள்ள யார் தம்பி போவா?" என்றாள். "சாவி பத்திரம். அது தொலைஞ்சா அப்புறம் அந்த இடத்தைத் திறக்கவே முடியாதே."

துக்வோன் திடுக்கிட்டுப் போனான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டான். மணி ஆறாகப் போகிறது என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் ஓடினான்.